சுண்டுவிரல் போகிற இடம்

தம்பி,

இதைப் பிரித்ததும் முதலில் உன் போனைக் கவிழ்த்து வை. நான் இதை எழுத உட்கார்ந்த நேரத்திலேயே என் நாடி ஏறினது உன் கண்ணில் பட்டிருக்கிறது. "என்னம்மா, தொண்ணூத்தஞ்சு காட்டுது, மாடி ஏறினீங்களா?" என்று நீ கேட்டு அனுப்பியது இதோ மணிக்கட்டில் வந்து உறுமுகிறது. மாடியும் ஏறவில்லை, மலையும் ஏறவில்லை. கடைக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். கோபத்துக்கும் நாடி ஏறும் என்று நீ அனுப்பின கடிகாரத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாது பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாய். கடையைப் பக்கத்துக் கடைச் செல்விக்கே விட்டுவிடலாம் என்று அவளிடம் நீயே பேசியும் வைத்திருக்கிறாய். என் கடையை விடுவதைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வெளியே மிஸ்ட் இறங்கி எதிர்ச்சாரிக் கடைகளே தெரியவில்லை, இந்த நேரத்தில் கடிகாரம் வாங்க எவன் வரப்போகிறான். ஆகவே ஆற அமர எழுதுகிறேன், நீயும் ஆற அமரப் படி.

நீ பயந்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டேனே, அன்றைக்கு நானும் பயந்துதான் போனேன். நான் வழுக்கி விழவும் இல்லை, மயங்கவும் இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் நீ நம்புவதாக இல்லை. இந்த மலை ஊரில் மழை பிடித்துக்கொண்டால் மரக்கதவெல்லாம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும், நீ பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவு, உனக்குத் தெரியாததா? வெள்ளனே குளிக்கப் போனவள் கதவை இறுக்கிச் சாத்தினேன், அவ்வளவுதான், திறக்க வரவில்லை. இழுத்தேன், உதைத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டால் தகரத்தில் விழுகிற மழைச் சத்தம் என் குரலை முழுங்கிவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். நாலு சுவரும் கிட்டக் கிட்ட வருகிற மாதிரி இருந்தது. போன் அடுப்படி மேடையில் கிடந்து அடித்தது, எடுக்க முடியவில்லை. அது நீதான் என்று தெரிந்தும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன் பார், அதுதான் தாங்க முடியவில்லை.

பக்கத்துக் கடைச் செல்விதான் காப்பாற்றினாள். சாக்லேட்டும் தைலமும் விற்கிற அதே செல்வி, சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம். என் கடை ஷட்டர் மேலே போகாததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள், கூடவே ஜீப் ஓட்டுகிற சவரிமுத்துவைக் கடப்பாரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் வெளியே நின்று, "அம்மா, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன், நீங்க மொதல்ல நல்லா துணியச் சுத்திக்கங்க, பெறகு நெம்புறேன்" என்று கத்தினான். அந்தக் குளிரிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் செல்வி இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாள்.

அதைக் கேட்டுத்தான் நீ கடிகாரம் அனுப்பினாய். கடிகாரக்காரி வீட்டுக்குக் கூரியரில் கடிகாரம்! பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும், கவிழ்த்துத்தான் பார்த்தேன். முகத்தைக் காட்டினால் எல்லாக் கடிகாரமும் அழகுதான், சமாசாரம் பின்மூடியில்தான் இருக்கிறது என்று என்னைக் கட்டின நாளிலிருந்து உன் அத்தா சொல்லிச் சொல்லி எனக்கும் அது பழக்கமாகிவிட்டது. உன் கடிகாரத்தின் பின்மூடியில் கம்பெனி எழுத்துக்கு நடுவே பச்சையாக வெளிச்சம் முழித்துப் பார்த்தது. சரி என்று திருப்பிப் பார்த்தால் முள் இல்லை, தேதிக்கு ஜன்னல் இல்லை, இருட்டில் மினுங்குகிற ரேடியம் இல்லை. பக்கவாட்டில் சாவி மாதிரி ஒன்று இருந்தது. நீங்களெல்லாம் க்ரவுன் என்பீர்கள், நமக்கு எப்போதும் சாவிதான். இழுத்தால் வரவில்லை, திருகினால் திரையில் என்னவோ ஓடியது. இத்தனை வருஷமாக நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இது என்னைப் பார்க்க வந்திருக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் அதை ஆசையாகத் தடவிப் பார்த்து, "ஒங்க மவனுக்கு ஒங்க மேல எவ்வளவு பாசம் அம்மா" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நீ வீடியோவில் வந்து எனக்குப் பாடம் எடுத்தாய். ஸ்ட்ராப்பை 'பேண்ட்' என்றாய். பேண்ட் என்றால் இங்கே கல்யாண ஊர்வலத்தில் முன்னால் போகிறவர்கள். பக்கிளைப் போட்டுக் காட்டினேன். "இன்னும் ஒரு ஓட்டை இறுக்குங்கம்மா, தோலோட ஒட்டி இருந்தாத்தான் நாடி படிக்கும்" என்றாய். இறுக்கினேன். "இன்னும்." அதையும் இறுக்கினேன். கடைசி ஓட்டைக்குப் போய்விட்டது. என் மணிக்கட்டு அவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும், நீ அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாய்.

நம் கடையில் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது உன் அத்தாவின் சோலி. வெளியே இருக்கிறதெல்லாம் என் சோலி. பட்டை மாற்றுவது, செயினில் கண்ணி கழற்றுவது, பட்டையைக் கேஸோடு பிடிக்கிற பின்னைத் தள்ளிப் போடுவது, ஓட்டை குத்துவது. ஒவ்வொரு கையிலும் நானே கட்டிவிட்டு, பட்டைக்கு அடியில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். விரல் போக வேண்டும், அதற்குமேல் போகக் கூடாது. கான்வென்ட் பிள்ளைகள் வந்து, தொளதொள என்று இருக்கிறது ஆன்ட்டி, இன்னும் இறுக்குங்கள் என்று அடம்பிடிக்கும். "கைக்கு ரத்தம் ஓட வேணாமா கண்ணு? வேர்த்தா எங்க போகும்?" என்பேன். என் விரல் போகாத பட்டையோடு நம் கடைப் படியை யாரும் இறங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட என் கையில் இப்போது விரல் என்ன, ஊசி போக இடம் இல்லாமல் ஒரு பட்டை. தோல் சிவந்து, தடித்து, அரிக்கிறது. கழற்றினால் வளையல் போட்ட மாதிரி தடம் கிடக்கிறது. அதைச் சொன்னால் பவுடர் போடுங்கள் என்கிறாய்.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். குளிக்கும்போதும் கழற்றாதீர்கள், ஐம்பது மீட்டர் தாங்கும் என்றாய். ஏலே, நீ யாரிடம் சொல்கிறாய்? புதுசாகக் கல்யாணமான ஒரு பையன் ஏரியில் படகிலிருந்து குதித்துவிட்டு, கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்புகிற கடிகாரத்தோடு வந்து நின்றானே, நீ அப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "முப்பது மீட்டர்னு போட்டிருக்கு, ஏரி அவ்வளவு ஆழமா இருக்கு?" என்று பெண்டாட்டி முன்னால் அவன் எகிறினான். உன் அத்தா கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே, "தம்பி, அது ஆழக் கணக்கு இல்லப்பா. அசையாத தண்ணில வச்சு அழுத்திப் பாத்த கணக்கு. கை கழுவலாம், மழைல நனையலாம். நீங்க நீச்சல் அடிச்சா அதுவும் கூட அடிக்கும்னு கம்பெனிக்காரன் எங்கயும் எழுதலீங்க" என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பையன் அடங்கிப்போனான். ஹீட்டர் தண்ணீரில் கடிகாரத்தோடு குளித்துவிட்டு உடனே குளிரில் வெளியே வந்து, கண்ணாடிக்குள் மிஸ்ட் இறங்கிவிட்டது என்று வருகிறவர்கள் எத்தனை பேர். பின்மூடியைத் திறந்து டேபிள் லாம்ப் அடியில் வைப்பதே அவருக்குப் பாதி வேலை. ஐம்பதோ முப்பதோ, வெந்நீரும் சோப்பும் பட்டால் ரப்பர் தளரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொன்னாய் என்று கட்டிக்கொண்டே குளித்தேன், குளியலறையில்தானே மாட்டிக்கொண்டேன் என்று. தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு செய்யும்போது மட்டும் கழற்றி வைப்பேன். அதற்கும், "இப்ப ஏம்மா கழட்டினீங்க?" என்று வந்துவிடும். அல்லாவுக்கு முன்னால் நிற்கப் போகிறேன், அதற்கும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா?

சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் போடுகிறேனா, தடால் என்று இறங்கும், உனக்குத் தெரியும். அந்த உதறலுக்கு, விழுந்துவிட்டீர்களா என்று மணிக்கட்டிலிருந்து கேள்வி. இல்லை என்று தட்டுவதற்குள் பையை எடுக்க வேண்டும், பூட்டைப் போட வேண்டும், சாவியை எடுக்க வேண்டும். தட்டத் தவறினால் உனக்குப் போன் போய்விடும். ஆபீஸ் மீட்டிங்கில் நீ பதறுவாய். அதற்குப் பயந்தே ஷட்டரைச் செல்வியை விட்டு இறக்கச் சொல்லிவிட்டு நான் ஓரமாக நிற்க ஆரம்பித்தேன். என் கடை ஷட்டரை நான் இறக்குவதில்லை இப்போது. கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது. எழுந்து வேகமாக நடந்தால், ஏன் என்று நீ கேட்கிறாய். கையைத் தூக்கவும் யோசனை, இறக்கவும் யோசனை. அன்றைக்குக் குளியலறையிலாவது மழை விட்டால் யாராவது வருவார்கள் என்று நம்பிக்கை இருந்தது. இது குளியலறையையே கையில் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது, தம்பி.

இனிப் பூம்பாறைக் கதைக்கு வருகிறேன். என் பக்கத்துக் கதையை நீ இன்னும் கேட்கவே இல்லை. அந்த ஊரில் பூண்டு போடுகிற பேச்சியம்மா, வருஷாவருஷம் நமக்கு மூட்டை கொண்டுவந்து போடுவாளே, அவள் பேத்திக்குக் காதுகுத்து. அவசியம் வரணும் என்று கடைக்கே வந்து கூப்பிட்டாள். நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் உன்னிடம் சொல்லாமல், செல்வியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அங்கேயும் குளிர்தான். முழுக்கை ஸ்வெட்டர், அதன் கைமேல் கடிகாரம். உன் அத்தா கட்டினது அப்படி, சவரிமுத்து கட்டுவது அப்படி, பஜாரில் முக்கால்வாசிப் பேர் கட்டுவது அப்படி. குளிரில் ஒவ்வொரு தரமும் கையைச் சுருட்டி மணி பார்க்க எவனால் முடியும்? நீயும் ஸ்கூல் ஸ்வெட்டர் மேல்தான் கட்டிக்கொண்டு போவாய். பஸ்ஸில் உட்கார்ந்து கம்பளிமேல் பட்டையைப் போட்டதும் அப்பாடா என்று இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கைக்கு அன்றைக்குத்தான் விடுதலை.

பின்மூடியில் இருக்கிற அந்தப் பச்சை வெளிச்சம் தோலைத்தான் படிக்கும், கம்பளியைப் படிக்காது என்று, நீ அத்தனை சொல்லியிருந்தும், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பூம்பாறையில் என் போனுக்குச் சிக்னலும் இல்லை. அங்கே சென்னையில் உன் திரையில் என் நாடிக் கோடு பஸ் ஏறின இடத்தோடு அறுந்து கிடந்திருக்கிறது. இங்கே, காது குத்த இன்னும் நேரம் இருக்கிறது என்று, நான் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். கறிச்சோறு போடுகிற வீட்டில், ஓதி அறுக்காத கறியை நான் தொடமாட்டேன் என்று எனக்கு மட்டும் தனியாகப் பருப்பும் பூண்டுக்குழம்பும் வைத்து, பேச்சியம்மாவே பக்கத்தில் நின்று, "அள்ளிச் சாப்பிடுங்கம்மா, கொறிக்காதீங்க" என்று ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து பந்தலை ஒட்டி நிற்கிறது. சவரிமுத்து குதிக்கிறான், பின்னாலேயே செல்வி முகமெல்லாம் கண்ணீராக ஓடி வருகிறாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா! நீங்க சோறு திங்கிறீங்களா?"

"பின்ன காதுகுத்துக்கு வந்து என்னடி செய்வாங்க?"

"ஒங்க மவன் போன்ல அழுவுறாரு அம்மா. நாடி நின்னு போச்சாம்."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்!"

"எனக்கு நின்னா எனக்குத் தெரியாதாடி?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "வழியெல்லாம் ஓரத்துல பள்ளத்தப் பாத்துக்கிட்டே வந்தோம்மா, எங்கயாச்சும் கெடக்கீங்களான்னு" என்றான். அப்போது பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். பாதி இலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காது குத்தும்போது குழந்தை அழுததைக்கூட நான் பார்க்கவில்லை. சிக்னல் வருகிற வளைவில் ஜீப்பை நிறுத்தி உன்னிடம் பேசச் சொன்னார்கள். நீ அழுதாய், பிறகு கத்தினாய், பிறகு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். என் பிள்ளை அப்படி அழுது நான் கேட்டது உன் அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணின அன்றைக்குத்தான். இந்தத் தரம் அதற்குக் காரணம் நான். அதனால்தான் அன்றைக்கு நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அது சம்மதம் இல்லை தம்பி. அழுகிற பிள்ளையிடம் வேறு எதைச் சொல்வது?

அன்றையிலிருந்து பஜாரே எனக்குக் காவல். டீக்கடைக்காரர், "ராவுத்தரம்மா, நாடி சவுக்கியமா?" என்கிறார். செல்வி காலையில் என்னைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறாள், பாவம், முந்தானையைச் சரிசெய்யக்கூட நேரம் கொடுப்பதில்லை. மார்க்கெட் வரை போனால் பின்னாலேயே ஒரு ஆள். எல்லோரும் என் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள், ஒருவரையும் திட்ட முடியவில்லை. திட்ட ஆள் இல்லாத சிறைதான் பெரிய கஷ்டம் போலிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லாமலே கடைக்குள் உட்கார்ந்து அழுதேன். அது உன் திரையில் எப்படித் தெரிந்ததோ தெரியாது.

சென்னைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள், நாங்கள் என்ன பட்டினியா போடப்போகிறோம் என்று முன்பே ஒருதரம் கேட்டாய். மருமகள் தங்கம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அத்தா போன பிறகு உன் வீட்டில் வந்து இருந்தேனே, அப்போது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. அத்தாவின் கடிகாரம் என் கையில் இருந்தது. அது ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டியதும் இல்லை. உள்ளே ஒரு அரைவட்டத் தகடு இருக்கிறது, கை ஆடுகிற ஆட்டத்தில் அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். கையில் கிடந்து அசைந்தால் ஓடும், அசையாவிட்டால் ஓய்ந்து நின்றுவிடும். உன் வீட்டில் அது நின்றுபோனது. நீ பெரிய கடைக்கு எடுத்துப் போனாய், அவர்கள் சர்வீஸுக்கு விடச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை, எனக்குத் தெரியும். உன் வீட்டில் என் கைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். பாத்திரத்தைத் தொட்டால், "வைங்க மாமி, ஆள் வருது" என்பாள் மருமகள். துணியை எடுத்தால் மிஷின் இருக்கிறது. பால்கனியில் போய் நின்றால் புறா வரக் கூடாது என்று வலை. வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் புறா. திரும்பி வந்து, வத்தலக்குண்டில் பஸ் மாறி, மலை ஏறி, கடை ஷட்டரைத் தூக்கி, தூசி தட்டி, பெட்டிகளை அடுக்கினேன் பார், மத்தியான லுஹர் தொழுகைக்குக் கழற்றும்போது பார்க்கிறேன், விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அது மறுபடி நின்றுகிடக்கிறது. இடது கையை நீ எடுத்துக்கொண்டாய், வலது கையில் கட்டினால் வேலை ஓடவில்லை. இரண்டையும் கட்டிக்கொண்டு ஒருநாள் போனதற்கு, ராவுத்தரம்மா கையிலேயே ஷோகேஸ் வைத்திருக்கிறார்கள் என்று கேலி. அத்தாவின் கடிகாரத்தை டிராயருக்குள் வைத்திருக்கிறேன். காலையில் எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டுவேன், கொஞ்சம் ஓடும், மத்தியானம் நின்றுவிடும்.

ஆகவே கேட்டுக்கொள். நான் வரவில்லை. கடையை விடவில்லை. செல்வியிடமும் சொல்லிவிட்டேன், அவள்தான் என்னைவிடச் சந்தோஷப்பட்டாள். அதற்காக உன் பயத்தை நான் தூக்கி எறியவில்லை. ஆசாரியை வரச் சொல்லிக் குளியலறைக் கதவை இழைத்தாகிவிட்டது, உள் தாழ்ப்பாளையும் கழற்றியாகிவிட்டது. தனியாகத்தானே இருக்கிறேன், யாருக்குத் தாழ்ப்பாள்? வீட்டில் இருக்கும்போது உன் கடிகாரம் என் தோலோடுதான் இருக்கும், ஸ்வெட்டருக்கு உள்ளே. காலையில் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினதும் அதைக் கழற்றிவிட்டு அத்தாவினுடையதைக் கட்டுவேன். சாயங்காலம் ஷட்டரை நானே இறக்கிவிட்டு மறுபடி உன்னுடையது. பகலெல்லாம் எனக்குப் பஜாரே கண், நீயும் வேறு எதற்கு? பூம்பாறை மாதிரி எங்கேயாவது போனால் போகிறேன் என்று உன்னிடம் சொல்லுவேன். கேட்கமாட்டேன், சொல்லுவேன்.

காலேஜில் சேரத் திருச்சிக்கு நீ பஸ் ஏறின அன்றைக்கு நம் கடையிலிருந்து ஒரு கடிகாரம் எடுத்துக் கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "இன்னும் இறுக்கிக் கட்டுங்கம்மா, பஸ்ல கழண்டு விழுந்துரும்" என்றாய். "கழண்டா எடுத்துக் கட்டிக்க. கட்டிப்போடவா கட்டுறேன்?" என்று சொல்லிச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். விரல் போயிற்று. பஸ் கிளம்பிவிட்டது. அப்புறம் வாரக்கணக்கில் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. சாப்பிட்டாயா, காய்ச்சலா, யாரோடு சுற்றுகிறாய், ஒன்றும் தெரியாது. உன் நாடியை எனக்கு யார் காட்டினார்கள்? ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எட்டிப் பார்ப்பேன். "கிளம்பிப் போய்ப் பாத்துட்டு வந்துரட்டா?" என்று அத்தாவை நச்சரிப்பேன். போகவில்லை. போயிருந்தால் நீ முகம் சுளித்திருப்பாய், நல்ல வேளை போகவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பயத்தோடு இருந்து பழகினேன், நீ ஆளாகி வந்தாய். அதே பயம் இப்போது உன் முறைக்கு வந்திருக்கிறது, ராசா. அது வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. பெரிய வண்டி வேண்டாம், பஸ்ஸிலேயே வா. வளைவுகளில் வாந்தி வரும் என்றால் முன்சீட்டில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வா. பேச்சியம்மா கொடுத்துவிட்ட பூண்டு இருக்கிறது, குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, நீ அனுப்பின கடிகாரத்தை உன் கையாலேயே என் கையில் கட்டு. கூரியரில் வந்ததை நானே கட்டிக்கொண்டேன், அதுதான் தப்பாகப் போய்விட்டது. நான் எத்தனையோ பேருக்குக் கட்டிவிட்டேன், எனக்கு யாரும் கட்டிவிட்டதில்லை. கட்டிவிட்டுப் பட்டைக்கு அடியில் உன் சுண்டுவிரலை விட்டுப் பார். போகவில்லை என்றால் ஒரு ஓட்டை தளர்த்து. தளர்த்தினால் பச்சை வெளிச்சம் அங்கங்கே தோலை விட்டு விலகும், உன் திரையில் கோடு நடுநடுவே அறும். அறுந்ததைப் பார்த்ததும் ஜீப்பைக் கூப்பிடாதே தம்பி. அந்த இடத்தில் உன் விரல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

உன் அம்மா